சலவைக்கு வந்த கோட்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா? தைலத்தை மிச்சம் பிடிக்காமல் தேய்த்துக்கொள்.

ஊர் வரலாற்றுப் புத்தகத்துக்கு நன்கொடை கேட்டுத் தலைமையாசிரியர் போன் செய்தார். பள்ளிக்கூடம் கட்டிய கதையில் அப்பா பெயர் வருமா என்று கேட்டேன்.

"கொத்தனார் பேரெல்லாம் போட்டா புத்தகம் தாங்காது தம்பி. பணம் குடுக்கறவங்களுக்குத்தான் ஆளுக்கொரு பக்கம். கோட்டு போட்ட போட்டோ அனுப்பு."

அந்தப் பக்கத்திலாவது அப்பாவை நுழைத்துவிடலாம் என்று ஒரு மாதச் சம்பளத்தை அனுப்பினேன். சலவைக்கூடத்தில் துணி வெளுக்கிற எனக்கு ஏது கோட்டு? வெளுக்க வந்த ஒன்றை மாட்டிக்கொண்டு படம் எடுத்தேன். பார்த்தால் சிரிப்பாய்.

"படத்துக்குக் கீழ அப்பா பேரப் போடுங்க சார்" என்று கெஞ்சினேன்.

"அதான் இனிஷியல்ல இருக்கே!" என்றார்.

பள்ளிக்கூடத்தை அஸ்திவாரத்திலிருந்து எழுப்பியவருக்கு ஒற்றை எழுத்து. ஒரு செங்கல்கூடத் தூக்காத எனக்கு முழுப் பக்கம்.

அப்பா சாரத்தில் நிற்கும் படத்தை இரண்டு பிரதி எடு. ஒன்றை எனக்கு அனுப்பு. இங்கே கட்டிலோரச் சுவர் வெறுமையாக இருக்கிறது. வேலைக்கு மணி அடித்துவிட்டார்கள், போகிறேன். புத்தகம் வந்ததும் இன்னொரு பிரதியை அதிலுள்ள என் முகத்தின் மேல் ஒட்டிவிடு. அந்தப் பக்கத்துக்குப் பணம் கட்டியாயிற்று, எவனும் கேட்க முடியாது.

உன் மகன்