தோப்புக்குப் பின்னால் வெட்டிய கால்வாய்

அக்கா,

இன்று காலை அடுப்புப் பற்றவைக்கத் தீக்குச்சி கிழித்தேன். மருந்து வாசனை மூக்கில் ஏறியதும் கை அப்படியே நின்றுவிட்டது. தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை முடிந்து வரும்போது உங்கள் சேலையில் இதே வாசனைதான் இருக்கும். நீங்கள் போய்ச் சேர்ந்த செய்தி எனக்குப் பதினாறாம் நாள் கழிந்துதான் வந்தது. வாசலில் வந்து நிற்கக் கொடுத்துவைக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதன்முதலில் நீங்கள் என்னிடம் வந்தது சண்டைக்கு. சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஆலை வேலைக்கு வந்தவர்களெல்லாம் வீடு தேடி அலைந்த காலம். காலடிப்பேட்டைக்கு அருகில் ஒரு தென்னந்தோப்பை நானும் என் மைத்துனரும் வாங்கி மனை போட்டோம். தாழ்வான பூமி. வண்டி வண்டியாக மண்ணடித்து மேடாக்கினேன். தோப்புக்குப் பின்னால் குடிசைகள் இருப்பது தெரியும், தெரிந்ததோடு சரி.

ஐப்பசி மழையில் என் மனைகளில் சொட்டுத் தண்ணீர் நிற்கவில்லை. பூரித்துப் போயிருந்தேன். மூன்றாம் நாள், முழங்கால்வரை நனைந்த சேலையோடு என் கொட்டகைக்கு வந்தீர்கள்.

"மொதலாளி, உன் மனை ஒசந்துகிச்சு. எங்க வூடு கொளமாக் கீது."

"பஞ்சாயத்துல போய்ச் சொல்லும்மா," என்றேன்.

"அங்கயும் சொல்றேன். நீ மொதல்ல வந்து பாரு."

வந்தேன். உங்கள் வீட்டுக்குள் தண்ணீர். கட்டில்மேல் காய்ச்சலோடு உங்கள் மகள். அவள் காலடியில் அரிசிப் பானை. என்னைப் பார்த்ததும் அந்தப் பெண் காலை மடக்கிக்கொண்டு, நான் உட்கார இடம் விட்டாள். நீங்கள் திட்டியதெல்லாம் எனக்கு உறைக்கவில்லை. அது உறைத்தது.

மனை போடுகிறவர்கள் ஊர் வசதிக்கென்று ஒரு தொகை கட்டினால்தான் பஞ்சாயத்தில் மனைப் படத்துக்குக் கையெழுத்து ஆகும். நாங்கள் கட்டியிருந்தோம். அந்தத் தொகையில் எங்கள் மனை வாசலில் ஒரு அலங்கார வளைவும் சின்னப் பூங்காவும் அமைத்துத் தரும்படி மனுக் கொடுத்தவன் நானேதான். வளைவு இருந்தால் மனை நல்ல விலைக்குப் போகும் என்று கணக்கு.

பஞ்சாயத்துக் கூட்டத்தன்று நாலு பெண்களோடு வந்து கதவருகே நின்றீர்கள். என்ன வேண்டும் என்று தலைவர் கேட்டார்.

"அந்தத் துட்டு ஊருக்குன்னு வாங்கினதுதானே சாமி? அப்போ நாங்க ஊரு இல்லியா?"

தலைவர் என்னைப் பார்த்தார். மைத்துனர் என் தொடையைக் கிள்ளினார். நான் எழுந்து, "என் மனுவைத் திரும்ப வாங்கிக்கிறேன். பின்பக்கம் கால்வாய் வெட்டுங்க. குடிசைங்களுக்கு ஒரு குழாயும் போடுங்க" என்றேன். நல்ல மனசோடு பேசினேன் என்று இப்போதும் சொல்லமாட்டேன். மறுபடி அந்தக் கட்டிலைப் பார்க்கப் பயந்து பேசினேன்.

மைத்துனர் தொழில் கூட்டிலிருந்து விலகிக்கொண்டார். இரண்டு வருஷம் என் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. மனைகள் ஒவ்வொன்றாக, மெதுவாகத்தான் விலைபோயின. வாங்க வந்தவர்கள் வளைவைக் கேட்கவில்லை. குழாய் எங்கே என்றுதான் கேட்டார்கள்.

அடுத்த ஐப்பசியில் தண்ணீர் கால்வாய் நிறையக் கடலைப் பார்த்து ஓடியது. குடையில்லாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"இஸ்கூலு போய்க்கினு கீறா. டீ குட்ச்சிட்டுப் போ நைனா."

அதுவரை மொதலாளி. அன்றைக்குத்தான் நைனா ஆனேன். அந்த டீயில் சர்க்கரை கொஞ்சம் அதிகம். சொல்லவில்லை.

போன வாரம் மீஞ்சூரில் ஒரு நிலம் பார்க்கப் போனேன், அக்கா. தரகர் சாலைப் பக்கத்தைக் காட்டி ஏதோ பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரை அங்கேயே விட்டுவிட்டுப் பின்பக்கம் நடந்தேன். இப்போதெல்லாம் எங்கே போனாலும் அப்படித்தான். வேலிக்கு அந்தப் புறம் ஒருவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"மழை பேஞ்சா தண்ணி எந்தப் பக்கம் போவும்?" என்று கேட்டேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். மாட்டைக் கட்டிவிட்டு, "வா, காட்றேன்" என்று முன்னால் நடந்தார்.