தங்கையின் பெயர் போட்ட கோப்பு

ஜூலை 7, திங்கள்

காலையிலேயே வெயில். மாவட்டங்களிலிருந்து போலீஸ் கோப்புகள், இரண்டு பை நிறைய. அரசுத் தரப்பு வழக்கறிஞர் அலுவலகத்தில் எனக்கு இது பதினோராவது வருடம். இன்னும் அதே கீழ்த்தளப் பதிவறை. வேலை: முத்திரை, எண், எந்த மாடி. போதைப்பொருள் இரண்டாவது. அடிதடி, குடும்ப வன்முறை மூன்றாவது. மேல்முறையீடு பின்கட்டடம். வழக்குப் போடுவதா மூடுவதா என்பது மாடியில் இருப்பவர்கள் பாடு. நாங்கள் உள்ளே திறந்து படிக்கக் கூடாது.

ஒரு கோப்பின் மேல் கவிதாவின் பெயர். என் தங்கை. புருஷன் கையை முறித்ததும் எஸ்டேட் வீட்டை விட்டு ஈப்போவுக்கு என்னிடம் வந்தவள்.

திறந்தேன். புகார் இருக்கிறது. படங்கள் இருக்கின்றன. ஆஸ்பத்திரி அறிக்கை இல்லை. அது இல்லாமல் மேலே போனால் ‘மேல் நடவடிக்கை இல்லை’ என்று மூடிவிடுவார்கள். எத்தனை பார்த்திருக்கிறேன்.

கோப்பை என் மேசைத் தட்டின் அடியில் வைத்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

பசியாறும்போது கவிதா: “அக்கா, நீ அங்கதானே வேல செய்ற. என் கேஸ் எங்க இருக்குன்னு பாக்க முடியாதா?”

“முடியாதுலா. சட்டம்.”

முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மதியம் அவள் மாமியார் போன், சுங்காயிலிருந்து. “நீ நெனச்சா அந்த ஃபைலு காணாமப் போயிரும். உன் தங்கச்சி வாழ்க்கதானே?”

என் கையில் இருப்பது ஒரு முத்திரைக் கட்டை. யாருக்கும் புரியாது.

என்ன செய்யலாம்:
– சும்மா இருப்பது. கேஸை மூடிவிடுவார்கள்.
– கவிதாவிடம் சொல்வது. ரகசியத்தை வெளியே விட்ட குற்றம்.
– மூன்றாம் மாடிப் புவானிடம் (மேடத்திடம்) போவது. நான் திறந்து பார்த்தது தெரிந்துவிடும்.

ஜூலை 9, புதன்

மழை. கோப்பு தூக்கும் சிவா அண்ணே, “மூணாம் மாடிக்கு எதும் பாக்கி இருக்காம்மா?” என்றார். இல்லை என்றேன். அவரிடம் இதுவரை பொய் சொன்னதில்லை.

ஜூலை 10, வியாழன்

கோப்பை எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் போனேன். புவான் அந்தப் பிரிவின் தலைவர். கோபமாகப் பேசிக் கேட்டதில்லை. மலாயில் கேட்டார்.

“உன் தங்கை. சரி. உள்ளே படித்தாயா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அறிக்கையைப் பற்றி வாய் திறக்க முடியாது.

“படித்தேன், புவான். ஆஸ்பத்திரி அறிக்கை அதில் இல்லை.”

பேனாவை மூடினார். “இதை நான் மேலே எழுதித்தான் ஆக வேண்டும், தெரியும்தானே?”

தெரியும்.

ஜூலை 14, திங்கள்

என்னைப் பின்கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஜன்னல் இல்லாத அறை. பழைய மேல்முறையீடுகள். என் அட்டைக்கு இனி மூன்றாம் மாடிக் கதவு திறக்காது. விளக்கக் கடிதம் கேட்டு அலுவலக ஓலை, வெள்ளிக்குள் பதில் தர வேண்டும்.

மதியம் கவிதாவின் போன். “அக்கா! போலீஸ்ல அவங்களாவே கூப்பிட்டாங்க! ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டு சேக்கணுமாம், கையெழுத்துப் போட வரச் சொல்றாங்க. நீ ஒண்ணும் செய்யாட்டியும் சாமி இருக்குலா!”

“ம். ஐசி எடுத்துக்கிட்டுப் போ” என்றேன். அடையாள அட்டை இல்லாமல் கையெழுத்து வாங்க மாட்டார்கள்.

கடிதத்தின் முதல் வரி மட்டும் எழுதியாயிற்று. ‘கோப்பைத் திறந்தது நான்தான்.’ அதற்கு மேல் என்ன எழுத.