அக்காவின் வலக்கை

மார்ச் 3, திங்கள்

மருந்து ஏற்றிய எலிகளுக்கு இன்றும் ஏழு, எட்டு. பக்கவாதம் வரவழைத்த எலியை மேசை விளிம்பருகே பிடித்து, செயலிழந்த முன்னங்காலை, பத்து முயற்சியில் எத்தனை முறை விளிம்பில் வைக்கிறது என்று எண்ண வேண்டும். உப்புநீர் ஏற்றியவை மூன்றைத் தாண்டவில்லை. இலையிலிருந்து நாங்கள் பிரித்தெடுத்த மஞ்சள் தூள், மூளைச் செல்கள் அழியாமல் காக்கிறது. காக்கத்தான் வேண்டும்.

வீட்டில் அக்கா மடியில் துண்டு விரித்து வலக்கையைத் தூக்கிக் காட்டினாள். நான்கு விரற்கடை உயரம். பக்கவாதத்தில் விழுந்து மூன்று மாதத்தில் இவ்வளவு!

மார்ச் 6, வியாழன்

"எலிக்குக் குடுக்கறதுல எனக்கும் ஒரு சிட்டிகை கொண்டாடா. செத்தா உன்மேல கேஸ் போடமாட்டேன்."

சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. சட்டைப்பையில் ஒரு சின்னக் குப்பி போதும். யாருக்குத் தெரியும்?

மார்ச் 7

எடுக்கவில்லை. இன்று எடுக்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி

எலிக்கூடத்தைப் பார்த்துக்கொள்பவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்க சார். மருந்து எலின்னா கால் வைக்கிற வரைக்கும் காத்திருக்கீங்க. மத்ததை டக்குனு கீழ விட்டுடறீங்க."

சுருக்கென்றது. எந்தக் கூண்டுக்கு எது என்ற சீட்டை மூடித்தான் வைத்திருந்தோம். அக்கா விழுந்த பிறகு திருப்பிப் பார்த்து, அப்படியே திறந்து விட்டவன் நான்தான். இருபது வருட அனுபவம், வெட்கக்கேடு.

மார்ச் 24, திங்கள்

புதிய எலிகள். சீட்டுகளை ஒட்டி மூடி, எலிக்கூடத்துக்காரரையே எண்ணச் சொன்னேன். முடிந்ததும் சீட்டைப் பிரித்தால், மருந்துக்கு நான்கு. உப்புநீருக்கும் நான்கு.

மார்ச் 25

மருந்து வேலை செய்யவில்லை, என் கண்தான் ஏமாற்றியது என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். மடியிலிருந்த துண்டை விலக்கினாள். வலக்கைக்கு அடியில் இடக்கை.

"நான்தான் முட்டுக் குடுத்துத் தூக்கினேன். வந்ததும் என் கையைத்தான் மொதல்ல பாப்ப. உன் மூஞ்சியப் பாத்தா பாவமா இருக்கும்டா."

இடக்கை எங்கே என்று ஒருநாளாவது கேட்டேனா? அழுகை வந்துவிட்டது. எனக்காகவாக்கா? எனக்காகவா இத்தனை நாள்?

மார்ச் 28

எலிகளின் பழைய மதிப்பெண்கள் செல்லாது என்று மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்தேன். காரணத்தையும் மறைக்கவில்லை.

ஏப்ரல் 9, புதன்

உடற்பயிற்சி சொல்லித்தரும் அம்மாள், அக்காவின் வலக்கை எழும்புவதை ஸ்கேல் வைத்து அளந்தார். என்னை அடுத்த அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். துண்டு கொடியில் கிடந்தது.

அக்காதான் கூப்பிட்டாள்: "அரை விரற்கடைடா! எழுதிக்கோ, இது என்னோடது."

அரை விரற்கடை.