புற்றரைக் கரைக்கு வந்த கருங்கல்லைத் திருப்பி அனுப்பும் ஓலை

நலம் பெருகுக. காந்தள்வரை நாட்டு ஓதப்பாடி மாளிகையில் இவ்வோலை எழுதப்படும்போது உடனிருந்தோர்: முதுகோமான் மாவளத்தார், அவர் சொல்லச் சொல்ல எழுதும் ஓலை நாயகம் குணசாகரன், புற்றரை காக்கும் கொற்றி, கற்றச்சன் நாகன். குலத்தார் எழுவர் அமர்ந்து கேட்பதே இம்மாளிகை வழக்கம். ஏழு இருக்கைகளும் விரிக்கப்பட்டன. அமர ஒருவரும் இலர்.

தம்பி மகனும் நாடாளும் அரசருமாகிய நெடுந்திண்ணனாருக்கு முதுகோமானின் வாழ்த்து: உம் குடை நிழல் நீள்க; உம் ஏரிகள் ஆண்டுதோறும் மறுகால் பாய்க.

முற்றத்துப் புற்றரைக்குக் கரை கட்ட நீர் அனுப்பிய கருங்கற்கள் நாற்பதும் பழுதின்றி வந்தன. முழங்கால் உயரம், முகம் பார்க்கும் மெருகு, ஒவ்வொன்றிலும் குலத்தின் காந்தள் பொறி. முதுகோமான் அவற்றைத் தடவிப் பார்த்து மகிழ்ந்தார். இதைவிட மேலான கல் இல்லையென்று நாகன் அடித்துச் சொன்னான். கொற்றி மட்டும், நாலு முயல் மேயும் புல்லுக்கு யானை கட்டும் கல் எதற்கு என்று கேட்டாள். முதுகோமான் அவளைக் கடிந்தார்.

ஆயினும், வரும் முழுநிலா நாளில் இம்மாளிகைக்கு வந்து தங்க இசைந்திருப்பவர் முதுகோமானின் தங்கை பூதநங்கையார். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன், இது உன் வீடு அன்று என்று தமையன் அவையில் சொல்லக் கேட்டுப் படியிறங்கியவர். இப்போது அவருக்குப் பார்வை இல்லை. காலையில் வெறுங்காலோடு புல்லில் நடப்பது அவருக்குச் சிறு வயது முதலே பழக்கம். புல் முடியும் இடத்திலோ குளத்துப் படிகள் இறங்குகின்றன.

ஆகவே முதுகோமான் தம் மேலாடையால் கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்தார். கருங்கல் முழந்தாளில் இடித்து அவரை வீழ்த்தியது. அதற்கு மாற்றாகப் பரப்பிய கூழாங்கல் காலடியில் உருண்டது. மாம்பலகை பதித்தால் இரண்டு மழைக்குள் கறையான் தின்றுவிடும் என்றாள் கொற்றி. நன்றாகச் சுட்ட செங்கல்லைப் படுக்கையாக, தரையோடு தரையாக, மூன்று வரிசை பதித்தபோதுதான் பாதம் இடறாமல் அறிந்தது: இதுவரை குளிர்ந்த புல், இனிச் சொரசொரப்பு, இங்கே நில். நான்கு முறை நடந்தார்; நான்கு முறையும் நின்றார்.

அரசர் கல்லை விட்டுச் சூளைக்கல்லா, ஊர் சிரிக்குமே என்று நாகன் வருந்தினான். சிரிக்கும் ஊரில் ஒருவரும் இவ்வீட்டில் வந்து ஒருநாள் உண்டதில்லை என்று முதுகோமான் விடை சொன்னார்.

ஆதலால் ஆணை: திரும்பி வரும் கற்களை ஏற்று, முன்னோர் கோயில் மதிலில் பொறி வெளியே தெரியப் பதிக்க. இதை அவமதிப்பு என எவரும் கொள்ளற்க. குலத்து மூத்தவர் சொல் அரசருக்கும் சொல்லே. காந்தள் முத்திரை இடப்பட்டது.

முத்திரைக்குப் பின் ஒன்று. பூதநங்கையார் தாமே இறங்கிவந்து அடைக்கலம் கேட்டார் என்றும், முதுகோமான் பெருந்தன்மையோடு இடம் கொடுத்தார் என்றும் தலைநகரில் பேசிக்கொள்வதாகக் கேள்வி. அது பொய். பிழை பொறுக்கக் கேட்டு முதலில் எழுதியவர் முதுகோமான். மூன்று முறை எழுதினார்.