கடுகுத் தண்ணீரும் கௌரம்மாவும்

ரோஜாத் தொட்டிகளையும் என்னையும் மாமா தலையில் கட்டிவிட்டுப் போன ரோஸி அக்காவுக்கு,

உன் தொட்டிகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தக் கோடையில் லிங்கராஜபுரத்தில் குழாய்த் தண்ணீரே சரியாக வரவில்லை. மாடியில் மண் வெந்து, நீ வளர்த்த மண்புழு ஒன்றுகூட மிஞ்சவில்லை. மாமா தினமும் மேலே போய், வாடின செடிகளைப் பார்த்துவிட்டு, சாப்பாடு வேண்டாம் என்று இறங்கி வந்தார். அதனால்தான் துணிந்தேன். எனக்குப் புழு என்றாலே உடம்பு கூசும், உனக்குத் தெரியாதா?

மழை பெய்ததும், நம் வீட்டுக்கும் கௌரம்மா வீட்டுக்கும் நடுவில் இருக்கிற மண் சந்தில் புழு இருக்கும் என்று தோன்றியது. தோண்டலாமென்றால் கீழே பைப் ஓடுகிறது. கடுகை அரைத்துத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால், காரம் தாங்காமல் புழுக்கள் தாமே மேலே வரும் என்று போனில் ஒரு வீடியோவில் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, அதே வெள்ளைச் சேலையோடு ஒரு வாளி கரைத்து எடுத்துப்போய் மெதுவாக ஊற்றினேன். பயத்தில் வாய் தானாக ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லிக்கொண்டிருந்தது.

மதிலுக்கு மேலே கௌரம்மாவின் தலை தெரிந்தது. ஆமாம், கார் நிறுத்துகிற சண்டைக்குப் பிறகு நீ கடைசிவரை பேசாத அதே கௌரம்மாதான்.

“ஏன்ரீ, அது என்ன தண்ணி?”

“கடுகுத் தண்ணிங்க.”

அவர் முகம் வெளுத்துவிட்டது. வெள்ளைச் சேலை, கடுகு, முணுமுணுப்பு, அதுவும் இரண்டு வீட்டு எல்லையில். பாவம், வேறென்ன நினைப்பார்? உள்ளே ஓடிப்போய்க் கை நிறையக் கல்லுப்பை அள்ளிக்கொண்டு சந்துக்கே வந்துவிட்டார்.

“எங்க வீட்டுக்கு மாட்டா பண்றீங்களா?” கன்னடத்தில் செய்வினைக்கு அதுதான் பேர்.

எனக்கு அந்த உப்புதான் கண்ணில் பட்டது. “உப்பு போட்டுடாதீங்க, செத்துடும்.”

“எது சாகும்?”

“உள்ள இருக்கிறதுங்க. இப்பதான் கூப்பிட்டிருக்கேன், வந்துட்டே இருக்கு.”

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. கௌரம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து அவர் காலடியில் மண் அசைந்து, ஒன்று தலையை நீட்டியது. நான் பின்னால் குதித்தேன். அவர் குனிந்து பார்த்தார்.

“இது எரெஹுளுதானேரீ? மண்புழு.”

“அதேதாங்க. அக்காவோட ரோஜாவுக்கு.”

உப்பைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நான் சப்பாத்தி இடுக்கியோடு படுகிற பாட்டைப் பார்த்துவிட்டு, வெறுங்கையால் பொறுக்கி, கடுகுக் காரம் போக நல்ல தண்ணீரில் அலசி அலசிப் போட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டு டப்பாவை மட்டும் பிடித்திருந்தேன்.

அலசிக்கொண்டே கேட்டார்: “ரோஸி போறப்ப எம்மேல கோபமாத்தான் போனாங்களா? எடுத்த அன்னிக்கு உங்க கேட் வரைக்கும் வந்தேன். உள்ள வர கால் வரல.”

ஆஸ்பத்திரியில் நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை, அக்கா. அந்தப் பொம்பளை வந்தால் உள்ளே விடாதே என்றாய். நான் என்ன செய்ய? “உங்களைத்தான் கேட்டுட்டே இருந்தாங்க” என்று சொல்லிவிட்டேன். பூசைக்குக் கட்டின சேலையை மாற்றுவதற்குள் ஒரு பொய். அவர் புறங்கையால் கண்ணைத் துடைக்க, கடுகு பட்டு, துக்கமா எரிச்சலா என்று தெரியாமல் அழுதார். நானும் அழுதேன். என் கையில் கடுகு இல்லை.

ஒருவேளை நீ நிஜமாகவே அவரைக் கேட்டும் இருப்பாயோ? நான் காபி வாங்கக் கீழே போயிருந்த நேரத்தில்?

இப்போது தொட்டிகளில் புழு குடியேறிவிட்டது. இரண்டு செடிகள் துளிர்த்திருக்கின்றன. மாமா மாடியில் நின்று கௌரம்மாவோடு உரத்தைப் பற்றி வாதாடுகிறார். பசி வந்தால்தான் இறங்குகிறார்.

கல்லறைத் திருநாளுக்குத் தானும் வருவதாகக் கௌரம்மா சொல்லியிருக்கிறார். கட்டாயம் கூட்டிக்கொண்டு வருவேன். அவர் உன்னிடம் பேசி முடிக்கும்வரை தள்ளி நிற்பேன். குறுக்கே பேசாமல் நீ ஒருவர் சொல்வதைக் கேட்பதை நானும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

உன் பொய்க்காரத் தங்கை,
ஸ்டெல்லா