வராத பதில்

ஆகஸ்ட் 12, 2004. வியாழன்.

திருமங்கலத்து அம்மா இன்று மறுபடியும் ஆஸ்பத்திரிக்கு வந்தார். "தாயி, வெளிநாட்டு டாக்டர்ட்ட இருந்து பதில் வந்துருச்சா?" என்று கேட்டார்.

காசநோய் ஆராய்ச்சிக்காக அவர் விவரங்களை வெளிநாட்டுக்கு அனுப்பக் கைநாட்டு வாங்கியவள் நான். அன்று வரிசை நீளம். "அங்க உள்ள டாக்டர்களும் பாப்பாங்கம்மா" என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டேன். பெயரை எடுத்துவிட்டு வெறும் எண்ணாக அனுப்பியவளும் நான்தான். அங்கிருந்து யார் இவருக்குப் பதில் எழுதுவார்கள்?

"மாத்திரை சாப்பிடுறீங்களா?"

"அவுக சொல்லட்டும்னு நிறுத்தி வச்சிருக்கேன் தாயி."

காசநோய் மாத்திரையை இடையில் நிறுத்தினால் நோய் முற்றிவிடும். "பதில் வந்துருச்சும்மா. இதே மாத்திரையை விடாம சாப்பிடணுமாம்" என்றேன்.

"இம்புட்டுத் தூரத்துல இருந்து என்னைய நெனச்சிருக்காகளே!" முகமே மாறிவிட்டது அவருக்கு.

மாத்திரை நின்றதை மட்டும் எங்கள் டாக்டரிடம் சொன்னேன். பொய்யைச் சொல்லவில்லை. நான் தனியாகத் தங்கியிருக்கும் ஒத்தக்கடை அறையிலும் அதைச் சொல்ல ஆள் இல்லை.

போகும்போது, "நான் நல்லாருக்கேன்னு அவுகளுக்கு ஒரு வரி எழுதிப் போடு தாயி" என்றார்.

அந்த வரியை இந்த டைரியில்தான் எழுதுகிறேன். இங்கேயும் அவர் பெயரைப் போடவில்லை.