துருப்பிடித்த ஒரே தகடு

மார்ச் 12, புதன்.

இன்று என் பிஎச்.டி. கைடு ஓர் இரும்புத் தகட்டைக் குப்பையில் போடச் சொன்னார். அவர் கண்டுபிடித்த பெயிண்டை அடித்து உப்புத் தண்ணீரில் ஊறப்போட்ட தகடுகளில் அது மட்டும் துருப்பிடித்திருந்தது.

"நீ சரியாத் தேய்க்காமப் பூசியிருப்பம்மா. இதைக் கணக்குல சேர்க்காத."

எல்லாத் தகடுகளையும் ஒரே மாதிரி தேய்த்துக் கழுவியது நான்தான். துருப்பிடிக்காத தகடுகளுக்கு மட்டும் என் கை சுத்தமாக இருந்ததாம்.

கடலோரப் பாலத்துக்கே இந்தப் பெயிண்ட் தாங்கும் என்று கட்டுரையின் முடிவுரையைப் போன மாதமே எழுதிவிட்டார் மனிதர். தகடுகள்தான் அதற்கேற்றாற்போல் நடந்துகொள்ள வேண்டும். பிள்ளையார்பட்டியில் கும்பிட்டுவிட்டுத்தான் ஜர்னலுக்கு அனுப்புவார். பிள்ளையாரிடமும் இந்தத் தகட்டைப் பற்றி மூச்சு விடமாட்டார்.

தகட்டைப் போடச் சொன்ன கையோடு அவருக்கு ஒரு போன் வந்தது. அரியக்குடியில் அவர் கட்டும் வீட்டின் மேஸ்திரி. ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்.

"சார், வாசல் கேட்டுக்கு நீங்க கண்டுபிடிச்ச பெயிண்டையே அடிச்சிருவமா? என்ன சொல்றீக?"

"அதெல்லாம் வேணாம்ப்பா. கடையில நல்ல பெயிண்டா வாங்கி அடி. மழையில நிக்கிற கேட்டு."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை.

கட்டுரையில் இரண்டாவது பெயர் என்னுடையது. அதை எடுத்துவிடுங்கள் சார் என்று வாய்வரை வந்தது. தகட்டைக் குப்பையில் போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டேன்.